கூடத்து மிதியடியை எடுக்காதீர்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். தூங்கி எழுந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

கூடத்தின் நடுவில் கிடக்கும் மிதியடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நேற்று நாம் பாப்பாவின் பள்ளி விஷயமாகக் கத்திக்கொண்டிருந்தபோது அவள் வாசலிலிருந்து இழுத்து வந்து போட்டது. நீங்கள் பார்க்கவில்லை. "விளையாடத்தானே அனுப்புறோம், நிறுத்திடு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டீர்கள்.

அவளுடைய மழலையர் பள்ளியில் சண்டை போட்ட இருவரும் ஒரே பாயில் உட்கார வேண்டுமாம். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாதாம். "அப்பா வந்ததும் அப்பா பேசணும், நீ கேக்கணும்" என்று மிதியடியைக் காட்டி எனக்கே உத்தரவு போட்டாள். போன வருஷம்வரை தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாயைத் திறக்காமல் கையைப் பிடித்து இழுத்த பிள்ளை! என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த டீச்சரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

முதல் நாள் அழ அழ அவளைத் தோளில் தூக்கிப்போய் விட்டது நீங்கள்தான். அதையும் மறக்கவில்லை.

இன்று நாலு மணிக்கு டீச்சரே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வீட்டில் அவளோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று உங்களுக்குக் காட்டித் தருவாராம். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறங்கள். நிறுத்துகிற பேச்சை எடுத்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பி.கு: வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். மிதியடியில் உட்காருவோம். முதலில் நீங்கள் பேசுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்னொன்று: சிரிக்காதீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் பாப்பாவை நடுவில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவள் என்னைப் பேச விடமாட்டாள்.