கயோ ஏறிய கப்பல்

நவம்பர் 9

பொதுக் குளியல் கூடத்திலிருந்து திரும்பிய அம்மாவின் முகம் சிவந்திருந்தது, வெந்நீரால் மட்டுமல்ல. மீன்கடை நிஷிவாகி எல்லார் முன்னிலையிலும், “ஃபுமி அக்கா, கடல்ல விழுந்து செத்தவங்களுக்கு வெந்நீர் எதுக்கு?” என்று கேட்டாளாம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம். அறுபது ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இளவயதில் ஓர் எழுத்தாளர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தாள். அவர் எழுதிய ‘பனித்துறை’ நாவலின் பணிப்பெண் கயோ இவள்தான் என்பது எங்கள் ஊரான அவோமோரி முழுவதும் அறிந்தது. நாவலில் கயோ ஒரு மாலை பின்கதவைத் திறந்துகொண்டு துறைமுகம் நோக்கி நடக்கிறாள். அதன்பின் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இறந்தாள் என்று எழுத்தாளர் எழுதவில்லை, விமர்சகர்கள் எழுதினார்கள். பள்ளித் தேர்வில் எனக்கு வந்த கேள்வி: ‘கயோவின் மரணம் எதைக் குறிக்கிறது?’ அன்று காலை எனக்கு மதிய உணவு கட்டிக் கொடுத்தவள் கயோ.

உண்மையில் அவள் அன்று கடலுக்கு அக்கரையில் உள்ள ஹகோதாத்தே நகருக்குப் போகும் கப்பலில் ஏறினாள். மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தாள். என் தந்தையை மணந்து ஊர் திரும்பினாள். உயிரோடு திரும்பியதை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

நவம்பர் 22

கயோவை மட்டும் நாயகியாக வைத்து எடுத்த தொலைக்காட்சிப் படம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. தயாரிப்பாளர் குஸுமி கோடையில் என்னை நாடியது அம்மாவுக்காக அல்ல. நான் கிமோனோ வரலாறு கற்பிப்பவன், ஆடை ஆலோசகர் தேவைப்பட்டார். ஒரே நிபந்தனை விதித்தேன்: கடைசிக் காட்சியில் கயோ கப்பலின் மேல்தளத்தில் உயிரோடு நிற்க வேண்டும். “சத்தியமா சார்” என்றார். நடிகைக்கு என் கையாலேயே கிமோனோவின் முன்மடிப்பைச் சரிசெய்தேன்: இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் உள்ளே. அந்தப் பெண் கேட்டாள்: “மாத்திக் கட்டினா என்ன ஆகும் சார்?”

“சவப்பெட்டிக்குள்ள படுக்க வெச்சிடுவாங்க” என்றேன். சிரித்தாள்.

டிசம்பர் 14, தோக்கியோ

படத்தொகுப்பைப் பார்த்தேன்.

கடைசிக் காட்சி. கடல், மேல்தளம், கயோ. மடிப்பு வலப்பக்கம் மேலே. பிணத்துக்கு உடுத்துவது போல.

காட்சியை இடவலமாகப் புரட்டியிருக்கிறார்கள். முந்தைய காட்சியில் கப்பல் இடப்பக்கம் போகிறது. இதில் வலப்பக்கம் போனதாம். புரட்டியதில் கப்பலின் பெயர் இடவலம் மாறியது. அதைக் கணினியில் திருத்தினார்கள். எழுத்தைக் கண்டார்கள், மனுஷியைக் காணவில்லை.

“மறுபடி திருப்பிப் போடுங்க” என்றேன்.

“திருப்பினா கப்பல் ஊருக்கே திரும்பி வர்ற மாதிரி ஆயிடும் சார். கொஞ்ச நேரம்தானே வருது? இந்தக் காலத்துப் பசங்களுக்கு எந்தப் பக்கம் மேலன்னே தெரியாது.” பிறகு குஸுமியின் கண் மின்னியது. “தெரிஞ்சவங்க, ஐயோ, செத்துட்டா போலன்னு பேசட்டுமே. அதுவும் ஆழமாத்தான் இருக்கு!”

நான் குரலை உயர்த்தவில்லை. என் பெயரைப் படத்திலிருந்து நீக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் மின்தூக்கி வரை வந்து குனிந்து வழியனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

டிசம்பர் 20

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. குளியல் கூடத்தில் எல்லாரையும் படம் பார்க்க வீட்டுக்கு அழைத்துவிட்டாளாம். “கப்பல்ல நிக்கிறேனாம்டி, வந்து பாருங்க” என்று சொன்னாளாம். எப்படிச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

டிசம்பர் 27

தொலைக்காட்சி பழுது என்று பொய் சொல்ல நினைத்தேன். ஒளிபரப்புக்கு இன்னும் ஒரு வாரம். அம்மா அதற்குள் அதன் திரையைத் துடைத்து வைத்திருந்தாள்.

ஜனவரி 3

ஆரஞ்சுப் பழங்கள், முள்ளங்கி ஊறுகாய், நிஷிவாகி, இன்னும் நான்கு பெண்கள். படம் முழுவதும் பேசினார்கள். “உன்னைவிட இவ அழகுக்கா.” “ஆமா, சம்பளமும் அதிகம்டி” என்றாள் அம்மா.

கடைசிக் காட்சி வந்தது. பேச்சு நின்றது. இவர்கள் வாழ்நாளெல்லாம் பிணங்களுக்கு உடுத்திவிட்ட பெண்கள். அவர்களுக்கு ஆலோசகர் தேவையில்லை.

“அக்கா…” நிஷிவாகி தன் கழுத்தைத் தொட்டாள். “மடிப்பு…” அவளுக்கே தாங்கவில்லை என்பதைக் கண்டேன். அதற்காக அவளை நான் கொஞ்சம் குறைவாக வெறுக்கிறேன்.

அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஏண்டி, நீ கண்ணாடியே பாக்குறதில்லையா? கண்ணாடியில பாத்தா எல்லாருக்கும் வலப்பக்கம்தான்டி மேல தெரியும். அன்னிக்குக் கப்பல்ல கைகழுவுற இடத்துல ஒரு உடைஞ்ச கண்ணாடி இருந்துச்சு. ஹகோதாத்தே வர்ற வரைக்கும் அதுலயே என்னைப் பாத்துட்டு நின்னேன். இருக்கேனா, இருக்கேனான்னு. இதே மாதிரிதான் இருந்தேன்.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நிஷிவாகி பழம் உரித்து, முதல் சுளையை அம்மா கையில் வைத்தாள்.

எல்லாரும் போனபின் கேட்டேன்: “நிஜமாவே கண்ணாடி இருந்துச்சாம்மா?”

“இருந்திருக்கும்” என்றாள். “உன் பேரு ஏன்டா கடைசில வரல?”

ஜனவரி 6

அன்றைய கேள்விக்குப் பதிலாகத் தட்டுகளை அடுக்கி எடுத்துப் போனேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

ஜனவரி 11

குஸுமியிடமிருந்து மின்னஞ்சல். முதியவர்கள் பலர் தொலைபேசியில் கண்டித்தார்களாம். மறுஒளிபரப்புக்கு முன் காட்சியைத் திருத்தித் தருகிறாராம். என் பெயரையும் சேர்ப்பாராம். ‘பெரும் மனவருத்தம்’ என்ற சொல் மூன்று இடங்களில். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“அந்தக் காட்சியைத் தொடக் கூடாதுன்னு சொல்லு” என்றாள். “உன் பேரை வேணா போடச் சொல்லு.”

முதலாவதை மட்டும் எழுதி அனுப்பினேன். என் கோபம் என்னுடையது. அதை ஒரு பெயருக்காகக் குஸுமியிடம் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

இதை எழுதும்போது வாசலில் பனியை உதைத்து உதறும் சத்தம். நிஷிவாகியின் குரல்.

“கயோ அக்கா! வெந்நீர் ஆறிடும், குளிக்க வர்றீங்களா இல்லையா?”

அந்தப் பெயரால் அம்மாவை யாரும் இதுவரை அழைத்ததில்லை. பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன்.

“வர்றேன்டி” என்றாள் அம்மா.