தேய்த்துக் குறைத்த மவுத்பீஸ்

தென்காசி
ஆவணி 18

அன்புள்ள அத்தானுக்கு,

மீனா வணக்கத்துடன் எழுதுவது. நம் தெரு துல்கர்னைன் அண்ணன் நாளை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மஸ்கட் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இது உங்கள் கைக்கு வரும்வரை போனில் எதுவும் சொல்வதில்லை என்று உங்கள் அக்கா குருவம்மாள் மதினி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து படியுங்கள். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை.

என் போனில் கேமரா கெட்டுப்போகவில்லை. எனக்குப் பல்வலியும் இல்லை. ஆறேழு வாரமாக உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் குற்றாலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு ஆட்டோவில் நனைந்துகொண்டே வந்தேன். மறுநாள் காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணும் மூடவில்லை. சாரல் காற்று பட்டிருக்கும் என்று நாலு நாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. டாக்டர், "பக்கவாதம் இல்லம்மா, முகத்து நரம்பு வீங்கியிருக்கு. உடனே வந்திருக்கணும்" என்றார். மூன்று மாதத்தில் சரியாகலாம், கொஞ்சம் கோணல் தங்கினாலும் தங்கலாம் என்றார். மாத்திரை முடிந்துவிட்டது. முகப் பயிற்சி தினமும் செய்கிறேன்.

ஆடியில் கச்சேரி இல்லை என்பதால் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டேன். ஆனால் ஆவணியில் மதினி மகள் ஸ்ரீதேவி கல்யாணம். பண்பொழி திருமலைக் கோயிலில் மாமி நான்தான் சாக்ஸபோன் வாசிக்க வேண்டும் என்று அவள் எப்போதோ சொல்லிவைத்தது உங்களுக்கும் தெரியும். வாத்தியத்தை எடுத்து வாயில் வைத்தால் இடது ஓரத்தில் காற்றுதான் போனது. ஒரு ஸ்வரம் நிற்கவில்லை.

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்லியனுப்பினேன். மதினி நம் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். "ஏட்டி மீனா, ஒன்னைய வேண்டாம்னு சொல்லுதேன்னு நெனைக்காத. மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொகத்தப் பாத்துட்டு சகுனம் அது இதுன்னு பேசிருவாங்களோன்னுதான் பயமா இருக்கு" என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கல்யாணப் பெண்ணைப் பெற்றவர்கள், பயப்படத்தானே செய்வார்கள்? தவில் நல்லகண்ணு அண்ணாச்சி மட்டும், "வேற ஆளக் கூப்பிடணும்னா வியாழக்கெழமைக்குள்ள சொல்லிரு தாயி. அப்புறம் ஆள் கெடைக்காது" என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு ஆறு நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் இளநீர் குடித்தேன். ஸ்ட்ராவை வாய் நன்றாகப் பிடித்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்படியானால் உதடு செத்துப்போகவில்லை, அகலத் திறந்தால்தான் ஓரம் விட்டுப்போகிறது. வாத்தியத்தில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸின் மேல்பக்கம், பல் பதியும் சரிவைத் தேய்த்து ஒல்லியாக்கினால் வாயை அவ்வளவு திறக்க வேண்டாம், உதடு சுற்றிப் பிடிக்கும் என்று தோன்றியது.

வாத்தியத்தோடு வந்த பழைய மவுத்பீஸில் ஆரம்பித்தேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்தேன். கறுப்புத் தூள் கொட்டியது, மத்தாப்பு கொளுத்தின மாதிரி வாடை. நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டே தேய்த்து, வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. ஓட்டை. ஊதினால் வெறும் காற்று. அன்று செவ்வாய்க்கிழமை.

மிச்சம் இருந்தது நீங்கள் அனுப்பிய மவுத்பீஸ் ஒன்றுதான். அதைத் தொடுவதற்கு முன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்று கேட்கவில்லை. நுனியில் டேப் சுற்றினேன். அங்கே கீறல் விழுந்தால் நாதமே போய்விடும். அரத்தை எடுக்கவில்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பத்துத் தடவை தேய்ப்பேன், கழுவி வாயில் வைத்துப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மறுபடி பத்து. பல் வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். புதன் சாயங்காலம் கீழ் ஷட்ஜம் நின்றது. கொஞ்சம் மூக்கடைத்த நாதம்தான், ஆனால் நின்றது. வியாழக்கிழமை அண்ணாச்சிக்கு, வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதினிக்கும் சொன்னேன். "சரி, வா" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுவது எல்லாம் தாண்டியது. தாலி கட்டும்போது அண்ணாச்சி கெட்டிமேளத்தில் தூக்கிக்கொண்டு போக, நானும் கூடவே போனேன். அட்சதை விழுந்து முடிந்ததும் வாய் ஓரம் விட்டுவிட்டது. மேல் ஸ்வரத்தில் உஸ்ஸென்று காற்று. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பாராமலே தவிலில் ஒரு சுற்றுப் போட்டு இடத்தை அடைத்தார். நான் இடது ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்து மூச்சு வாங்கினேன்.

இடது கண்ணில் தானாகத் தண்ணீர் வரும், அதுவும் நோய்தான். அது வழிந்து தாடையில் சொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா மதினியிடம், "ஏன் அவங்க அழுவுதாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சபை முழுக்க என்னைப் பார்ப்பது போல இருந்தது. மதினி எழுந்து வந்தார்கள். சேலைத் தலைப்பால் என் கண்ணையும் தாடையையும் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே சத்தமாக, "இது எந் தம்பி பொண்டாட்டி. மொகத்துக்குச் சொகமில்ல. இருந்தாலும் எம் மவளுக்காக வாசிக்கா" என்றார்கள். அந்த அம்மா எனக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தனுப்பினார். நான் மங்களம் வாசித்துத்தான் எழுந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். போட்டோ எதுவும் இதில் வைக்கவில்லை. பழைய முகத்தையே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு ஆசை. அது சரியில்லை என்றும் தெரிகிறது.

கார்த்திகையில் லீவு கிடைக்கும் என்றீர்கள். நான்தான் தை வரைக்கும் தள்ளிப்போடச் சொன்னேன். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் காலம் பார்த்து வாருங்கள் என்று ஏதோ சாக்குச் சொன்னேன். அதற்குள் முகம் நேராகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தள்ளிப்போட வேண்டாம் அத்தான். நேரானாலும் நேராகாவிட்டாலும் கார்த்திகையிலேயே வாருங்கள். வெயிலில் வேலை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருமலை முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசல் பார்த்திருக்கும்,
மீனா