மனித வாடையே இல்லாத கிராமம்

ராஜனுக்கு,

குச்சனூர் வழியாகத் தேவாரம் வரை பைக்கில் போனதைத் ‘தன்னந்தனிப் பயணம்’ என்று வீடியோ போட்டிருக்கிறாய். அதே ரோட்டில் இருபது வருஷம் தனியாகப் பால் வண்டி ஓட்டினேன். அதற்கு வேலை என்று பெயர்.

‘மனித வாடையே இல்லாத கிராமம்’ என்று நீ காட்டியது உன் அம்மா பிறந்த ஊர். உன் பின்னால் டம்ளரோடு நிற்பவர் உன் தாய்மாமன். “மருமகன் வந்தாக மச்சான். காபியோட நின்னேன். படம் புடிச்சாக, போயிட்டாக” என்று போனில் சொன்னார்.

ஆவணியில் உன் தங்கை கல்யாணத்துக்கு மாலை எடுத்து வரவேண்டியவர். மன்னிப்புக் கேட்க நான் போகிறேன், கேமரா இல்லாமல்.

அப்பா

இட்லி சட்டியில் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிடாதே, நீயே எடுத்துப் போட்டுக்கொள். தன் அண்ணன் நிற்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.