நீங்கள் நெருக்கி நட்ட செவ்வந்தி

இன்று காலை பின்பக்கக் கதவைத் திறந்ததும் செவ்வந்தித் தழையின் வாசனை அடித்தது. ஈரத்தில் அழுகும் தழை. உங்கள் காரியம் முடிந்ததிலிருந்து நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தால், நீங்கள் கடைசியாக நட்ட பாத்தி.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாளிலிருந்து கையை விரித்து அளந்துதான் நாற்று நடுவீர்கள். நடுவில் நான் ஒன்றைச் செருகினால் விடமாட்டீர்கள்.

"நெருக்கி நட்டா மூச்சு முட்டும்டி. காத்து போகணும்."

"ஆமா, ஒண்ணொண்ணுக்கும் பெர்த் போட்டுக் குடுங்க, டி.டி.ஆர். சாமி!"

ஒரு மாதம் போனால் நுனியைக் கிள்ளுவீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "தலையக் கிள்ளினாத்தான் பக்கத்துல கிளை விடும். செடிக்கு ஒரே பூ போதுமா உனக்கு?" என்பீர்கள். கார்த்திகையில் செடியே தெரியாமல் பூத்துக் கிடக்கும். தெருவுக்கெல்லாம் நான்தான் கிள்ளிக் கிள்ளி வளர்த்ததுபோல அள்ளிக் கொடுப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்பீர்கள்.

இந்த ஆடியில் உங்கள் கை நடுங்கியது. கண்ணும் தெரியவில்லை. ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் நட்டுக்கொண்டே போனீர்கள். "வரிசை எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்குங்க" என்றேன். அந்த மாதம் முடியுமுன்னே போய்விட்டீர்கள்.

கிள்ள ஆளில்லை. வெளிச்சத்துக்கு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, குச்சி குச்சியாக உயர்ந்து, மழையில் சாய்ந்து கிடக்கின்றன. உச்சியில் ஒரே ஒரு மொட்டு. அடி இலையெல்லாம் கறுப்பு. பாதியைப் பிடுங்கினால் மீதியாவது பிழைக்கும். நீங்கள் கை வைத்து நட்டதில் நான் எந்தப் பாதியைப் பிடுங்குவது?

கன்னடம் கலந்து பேசும் நம் மருமகள் பின்னாலேயே வந்தாள். "பேடா அத்தை, நீங்க தொட வேண்டாம். ஆள் வெச்சு எடுத்துக்கலாம்."

"என் புருஷன் நட்டதுல வேற கை படக்கூடாது. நீ உள்ள போ."

ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். பக்கத்துச் செடியும் கூடவே வந்தது. மண்ணுக்குள் வேரெல்லாம் பின்னிக் கிடந்தன. தண்ணீர் விட்டு, மண்ணை இளக்கி, மெல்ல எடுத்துப் பார்த்தேன். அப்படியும் விடவில்லை. நிற்கட்டும் என்று விட்டவையும் வெயில் ஏறியதும் துவண்டுவிட்டன. இந்த வருஷம் பூ இல்லைங்க. அடுத்த வருஷத்துக்குப் பிரித்து நடக் கன்றும் இல்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து படுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன் பாட்டி இப்படி ஓரத்துல ஒட்டிட்டுப் படுத்திருக்க? இவ்ளோ ஜாகா சும்மா கெடக்கு. நான் படுத்துக்கறேன்."

உங்கள் பக்கத்து விரிப்பின் மேல் கையை நீட்டி மறித்தேன்.

"இங்க இடம் இல்லடி கண்ணு" என்றேன்.