பனியனில் கருப்புக் கோடுகள்

பெங்களூரு
4.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சித்ரா எழுதுவது. சுரங்க வெடிச்சத்தம் உங்கள் காதைக் கெடுத்த பிறகு போனில் எதையும் சொல்ல முடிவதில்லை. அதனால் இதையும் எழுதியே விளக்குகிறேன்.

பார்சலில் இருப்பது எங்கள் ஆய்வகத்தில் செய்த பனியன். துணிமேல் லேசர் ஒளியை ஓட்டினால் அது பட்ட இடம் கிராஃபீன் என்ற கரியாக மாறிவிடும். நெஞ்சுப் பக்கம் உள்ள கருப்புக் கோடுகள் அந்தக் கரிதான். அவற்றில் மின்சாரம் ஓடும். மூச்சு விடும்போது கோடு இழுபடும், அதை வைத்து மூச்சை எண்ணலாம். கணக்கு எல்லாம் ஓரத்தில் உள்ள சின்னக் கார்டில் பதிவாகும். ஒரு மாதம் போட்டுவிட்டுக் கார்டை அனுப்புங்கள்.

இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது போலிருக்கிறது. கோபப்படாதீர்கள்.

உங்கள் சித்ரா


விக்கிரமங்கலம்
9.9.2024

அன்பு மகள் சித்ராவுக்கு,

கார்டு இதோடு இருக்கிறது. பனியன் உறுத்தவில்லை. நேற்று நல்ல மழை. கோபம் ஒன்றும் இல்லை.

அப்பா


பெங்களூரு
16.9.2024

அப்பா,

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு! நெஞ்சில் இவ்வளவு சிரமத்தை வைத்துக்கொண்டா மழையைப் பற்றி எழுதினீர்கள்? கடிதம் கிடைத்த அன்றே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் கடிதத்தையே டாக்டரிடம் காட்டுங்கள்.

தினமும் வேலை முடிந்ததும் அந்த மூச்சைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். இந்த அறையில் இன்னொரு ஆள் இருப்பதுபோல் இருக்கிறது. மூன்று வருஷம் வராமல் இருந்தது தப்புதான் அப்பா. லீவு போட்டுவிட்டேன். அக்டோபர் ஐந்தாம் தேதி வருகிறேன்.

சித்ரா


விக்கிரமங்கலம்
27.9.2024

அன்பு மகளே,

பயப்படாதே. நீ பார்த்தது என் மூச்சு அல்ல. வைரக்கண்ணுவுடையது.

என்னோடு சுரங்கத்தில் துளை போட்டவன். காது போன பிறகும் தினமும் வந்து என் எதிரில் உட்காருகிறவன் அவன் ஒருத்தன்தான். அவனுடைய வாயசைவு எனக்குப் புரியும். ஆறு மாதமாக இருமல். "எனக்கென்னடா, கல்லாட்டம் இருக்கேன்" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான். அதனால் பனியனை அவனுக்கு மாட்டிவிட்டேன். யாரோ ஒருவர் என்றால் அக்கறையாகப் பார்க்கமாட்டாயோ என்று உன்னிடம் சொல்லவில்லை. அது என் தப்பு.

உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "உம் பொண்ணு எனக்காவ அழுதிருக்குடா, வா போவலாம்" என்றான். அன்றைக்கே பஸ் ஏறினோம். நுரையீரல் முழுக்கக் கல் தூசி. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினார். மருந்தில் இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறான்.

அவன் மகள் மலர்க்கொடி திருப்பூரிலிருந்து ஓடிவந்தாள். "இனிமே அங்க தனியா விடமாட்டேங்க" என்று அவளும் தாளில் எழுதிக் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்தே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் வேட்டி இன்னும் நம் வீட்டுக் கொடியில் கிடக்கிறது. நான்கு நாளாக யாருடைய வாயும் என்னைப் பார்த்து அசையவில்லை.

எனக்கு நோய் எதுவும் இல்லை, லீவை ரத்து செய்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத வரவில்லை.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இருந்தாலும் வா.

உன் அப்பா பாலசுந்தரம்