இரண்டு தகடுகளுக்கு நடுவே

ஹாலிஃபாக்ஸ்
3 அக்டோபர் 1988

அன்புள்ள எனிட்,

நான் நலம். கடல் காற்று உனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று உன் தங்கை சொன்னாள். நீ சொல்லவில்லை. போனில் நீ பேசுவதெல்லாம் குழாய் ஒழுகுவதும் கூரை ஓடும்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் நீ பாதியிலேயே "சரி, வச்சிடறேன்" என்று சொல்ல முடியாது.

கடை நன்றாக ஓடுகிறது. பிரெண்டா கல்லாவையும் பார்த்துக்கொள்கிறாள், என்னையும் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் கைப்பிடி வாங்க வந்த ஒருவருக்குக் கதவையே விற்று அனுப்பினாள். நான் கற்றுக்கொடுத்ததுதான் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் மண்டபத்தில் நடந்த மாடல் ரயில் கண்காட்சியில் உதிரி பாகங்கள் அடங்கிய ஒரு அட்டைப்பெட்டி வாங்கினேன். ஆறு சக்கரத்துச் சின்ன என்ஜின். நம் ஊர் சரக்கு யார்டில் வேகன்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு கிடந்ததே, அதே வகை. எல்லாம் பித்தளைத் தகடு. வெட்டி, மடித்து, நாம்தான் பற்றவைக்க வேண்டும். நம் வீட்டில் அடிச்சட்டம் என்றைக்கும் உன் வேலை, மேல்கூடு என் வேலை. "ஓடறது அவளோடது, மினுக்கறது இவனோடது" என்று கிளப்பில் கேலி செய்வார்கள். இப்போது முதல் படியிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு பக்கத் தகடுகளையும் விலக்கிப் பிடிக்கிற ஸ்பேசர்கள் மூன்று அகலத்தில் வந்திருக்கின்றன. கடைகளில் விற்கும் தண்டவாளத்துக்குக் குறுகலானது. அசல் ரயில் பாதையின் அளவைப் பிசகாமல் குறைத்துப் போடுகிறவர்களுக்கு அகலமானது. நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் சேராதவர்களுக்கு. "உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும்" என்று மட்டும் தாளில் போட்டிருக்கிறான். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுகிறவனை என் கடையில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன்.

எதைப் போடட்டும்?

ஹோரஸ்


ஃபைலி
7 அக்டோபர்

அன்புள்ள ஹோரஸ்,

எந்தத் தண்டவாளத்தில் ஓட்டப் போகிறாய்? அதைச் சொல்லாமல் ஸ்பேசர் கேட்பது, யார் காலுக்கு என்று சொல்லாமல் செருப்பு கேட்பது மாதிரி.

மேல்மாடியில் இருக்கிற உன்னுடையது குறுகல். இங்கே பின்னறையில் நான் போட்டிருப்பது அகலம். அறையைச் சுற்றி, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையையும் கையால் ஒட்டினேன். அசல் அகலத்தில் போட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை. "குறுகலைத்தான் எல்லாரும் வாங்கறாங்க" என்று நீ வாயை அடைத்துவிடுவாய். எல்லாரும் வாங்குவதை விற்கலாம். வீட்டில் அதோடுதான் வாழ வேண்டும் என்று யார் சொன்னது?

இந்த வீட்டை நாம் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம், சேர்ந்துதான் வாங்கினோம். வசந்த கால விற்பனை முடியட்டும் என்றாய். அப்புறம் கிறிஸ்துமஸ். அப்புறம் வருடாந்தரக் கணக்கு. காத்திருந்து அலுத்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சண்டை போட்டு வரவில்லை. உனக்கு இடம் விட்டுத்தான் வந்தேன். வருகிறாயா இல்லையா என்று அன்று கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அது வந்தால் ஸ்பேசருக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்பேசர்களை மொத்தமாக வெட்டி எடுத்துவிடாதே. எது எந்த அகலம் என்ற குறி, அவை ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துத் தகட்டில்தான் இருக்கும்.

காலையில் கடை திறக்கும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

எனிட்


ஹாலிஃபாக்ஸ்
11 அக்டோபர்

அன்புள்ள எனிட்,

உன் எச்சரிக்கை தாமதமாக வந்தது. எல்லாவற்றையும் வெட்டி ஒரு புகையிலை டப்பாவில் கொட்டிவிட்டேன். பயப்படாதே. திருகாணியைக் கட்டைவிரலால் தடவியே என்ன நம்பர் என்று சொல்கிறவன் நான். இது எம்மாத்திரம்?

ஆர்னால்டிடம் கேட்டேன். கிளப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "குறுகலையே போடுப்பா. எனிட் வீட்டுத் தண்டவாளத்துல ஓட்டணும்னா அச்சுல ரெண்டு பக்கமும் வாஷரைச் சொருகிக்கோ. சக்கரம் தள்ளி நிக்கும். இங்கயும் ஓடும், அங்கயும் ஓடும்."

"அப்ப எதுக்குய்யா மூணு வகை போட்டு வச்சிருக்கான்?"

"உன்ன மாதிரி ஆளுங்க தூக்கம் கெட்டுத் திரியத்தான்."

எனக்கு மனசுக்குப் பிடித்துப்போயிற்று. சக்கரத்தையும் வாஷரையும் மாற்றினால் போதும், ஒரே என்ஜின் இரண்டு வீட்டிலும் ஓடும். யோசித்துப் பார்த்ததில் நமக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வியாழன் மாலை ரயிலேறி வருகிறேன், ஞாயிறு கிளம்பிவிடுகிறேன். கடையும் விட்டுப்போகாது, நீயும் தனியாக இருக்க மாட்டாய். யாருக்கும் நஷ்டமில்லை. என்ன சொல்கிறாய்?

அன்புடன்
ஹோரஸ்


ஃபைலி
15 அக்டோபர்

அன்புள்ள ஹோரஸ்,

வாஷர் வித்தை எனக்குத் தெரியும். ஓடும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அகல ஸ்பேசரைப் பற்றவைத்துவிட்டால் குறுகல் தண்டவாளத்துச் சக்கரம் அதில் மாட்டவே மாட்டாது. திரும்ப வழி இல்லை. அதனால்தான் உனக்கு அது பிடிக்கவில்லை.

இங்கே மீன் கடைக்காரி என்னை விடுவதில்லை. "உண்மையிலேயே உங்களுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருக்காரா, இல்ல சும்மா சொல்றீங்களாம்மா?" என்கிறாள். "இருக்காரு, ஸ்டாக் எடுத்துக்கிட்டிருக்காரு" என்றேன். "எந்த வருஷத்து ஸ்டாக்கு?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போதுதான் சிரிப்பு நின்றது.

வியாழன் வந்து ஞாயிறு போகிறவருக்கு நான் தலையணை உறை மாற்றுவேன், நல்ல தட்டை எடுத்து வைப்பேன். அவர் விருந்தாளி. எனக்கு விருந்தாளி வேண்டாம். என் டீயைக் குறை சொல்லிக்கொண்டே முழுதும் குடிக்கிற ஆள் வேண்டும்.

குறுகலைப் போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்படியானால் வாஷர் வேண்டாம். நீ உன் மாடியில் ஓட்டு, நான் இங்கே ஓட்டிக்கொள்கிறேன். இருவருக்கும் வயதாகிவிட்டது, அது ஒன்றும் அவமானமில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று மட்டும் வேண்டாம்.

எதைப் போட்டாலும் அளவுக் கருவியில் வைத்துப் பார்த்துப் போடு. கட்டைவிரலை நம்பாதே. முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம் என்று மாட்டிவிட்டால் அடிச்சட்டம் ஆப்பு மாதிரி ஆகிவிடும்.

எனிட்


ஹாலிஃபாக்ஸ்
26 அக்டோபர்

என் எனிட்,

ஆப்பு மாதிரிதான் ஆயிற்று.

உன் கடிதம் வந்த அன்றே, கோபத்தில், குறுகல்தான் என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தே பற்றவைத்தேன். பின்பக்கம் குறுகல், முன்பக்கம் நடுத்தரம். ஆர்னால்ட் தூக்கிக் கண்ணெதிரே பிடித்தான். "என்னப்பா இது, என்ஜினா, கேக் துண்டா?" என்றான். பிரிக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். எந்த விரல் என்று கேட்காதே.

மறுநாள் கடையில் கட்டுப்போட்ட விரலோடு அலமாரியில் ஆணிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிரெண்டா வந்து பக்கத்தில் நின்றாள். "மிஸ்டர் தக்ரே, அதெல்லாம் போன வாரமே எண்ணி முடிச்சிட்டேனே. நீங்க எதை எண்ணிக்கிட்டிருக்கீங்க?" என்றாள். கையிலிருந்த பெட்டியைத் திருப்பி வைத்தேன். நான் இல்லாவிட்டால் கடை நின்றுபோகும் என்று நினைத்திருந்தேன். கடை எப்போதோ நான் இல்லாமலே ஓடப் பழகிவிட்டது.

கடைக்கு நான் தேவையில்லை, அதனால் வருகிறேன் என்று நினைத்துவிடாதே. மிஞ்சிய சரக்கை உன் தலையில் கட்ட மாட்டேன். அன்று மாலை மூன்று அகலத்தையும் அளந்து, தனித்தனியாக மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறுகலைப் போட்டு மேல்மாடியில் ஓட்டினால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றியது. புது என்ஜின் முதன்முதலாக நகரும்போது நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் பலகையில் படுகிற மாதிரி குனிந்து பார்ப்பாய். அந்த நேரத்தில் நான் என்ஜினைப் பார்த்ததே கிடையாது, எனிட். இத்தனை வருஷமாக உனக்கு இது தெரியாது.

அகலத்தைப் போட்டுவிட்டேன். நான்கு ஸ்பேசரும் அகலம், நான்கும் அளந்தது. நன்றாக ஈயம் ஓடிப் பிடித்திருக்கிறது. இனி யாராலும் பிரிக்க முடியாது, ஒருவேளை உன்னால் முடியலாம்.

சக்கரம் மாட்டி இங்கே மேல்மாடித் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, மறுபக்கம் வெளியே விழுந்து சாய்ந்துகொண்டது. இந்த வீட்டில் அது ஓடாது.

கடையின் குத்தகையை பிரெண்டா பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடி அலமாரியை வாசல் பக்கம் நகர்த்தலாமா என்று கேட்டாள். ஆறு வருஷமாக அதைக் கேட்க நினைத்திருக்கிறாள் போல.

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். அடிச்சட்டத்தை உன் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். ஓட்டிப் பார்க்காத சாமானை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை, இதுதான் முதல் தடவை. ஓடாவிட்டால் பிரித்து மறுபடி செய்யலாம். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

உன்
ஹோரஸ்