அவர் கடையின் சாவி

20 அக்டோபர், புதன்

வெயில். ஐப்பசி பிறந்தும் மேகத்தைக் காணோம். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போய் மூன்று மாதம். காலையில் கொழுந்தன் மாடசாமி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் சங்கத்தில் அண்ணன் படம் திறக்கிறார்களாம், நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம். சரி என்றேன். கடைச் சாவியைக் கேட்டேன்.

"பொம்பளை மோட்டார் கடையில உக்காந்தா ஊரு என்ன பேசும் மைனி? ராஜபாளையத்துல ஒரு ஆளு இருக்கான். அவன்கிட்ட விட்டுருவோம்."

மாடசாமிக்கு இரும்புக்கடையில் வேலை. அண்ணன் கடைக்குள் காபி குடிக்க மட்டும் வருவான். துக்க வீட்டில் நான் மயங்கிக் கிடந்தபோது சாவி அவன் மடிக்குப் போயிருக்கிறது. யாரைக் கேட்டு?

மத்தியானம் சாப்பிடவில்லை. கோபம்தான் வயிறு நிறைய.

21, வியாழன்

மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. நாளை வா என்கிறான் ரேஷன் கடைக்காரன்.

ஊர் அவருக்கு வைத்த பெயர்கள்: பொண்டாட்டிதாசன். சேலை கட்டாத சுடலைமுத்து. இன்னும் ஒன்று, எழுதக் கை கூசுகிறது.

அவர் செய்த குற்றம் இவ்வளவுதான். எனக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆபரேஷன். கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. மறுநாளிலிருந்து தெருக்குழாயில் பெண்களோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தார். வேறு கல்யாணம் பண்ணச் சொன்ன அவர் அம்மாவிடம், இனி இந்தப் பேச்சு எடுத்தால் வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். அவ்வளவுதான்.

நான் பாயை விட்டு எழாமல் அழுதுகொண்டே கிடந்த நாட்களில்தான் செப்புக் கம்பியையும், அதை மோட்டாருக்குக் காயிலாகச் சுற்றும் கைமிஷினையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இதைச் சுத்து. கம்பி மேல கம்பி ஏறாமப் பாத்துக்கோ. மத்ததை அப்புறம் அழலாம்." முதலில் எல்லாம் சிக்கு. அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினேன். பிறகு பேப்பர் வைத்துக் காயிலை மோட்டாரில் இறக்கவும், வார்னிஷ் ஊற்றி உலர்த்தவும் கற்றுக்கொடுத்தார். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, பேரிங் போச்சா என்று கேட்பார். என்னையும் கேட்கச் சொல்வார். முதல் தடவை எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது. சிரித்தார், பாவி மனுஷன்.

எதையும் மறைக்கவில்லை. வருகிறவர்களிடம், காயில் எங்க வீட்டம்மா கட்டினது என்று சொல்லித்தான் மோட்டாரைக் கொடுப்பார். அதற்கும் ஊர் சிரித்தது.

22, வெள்ளி

கோயிலுக்குக் கூட்டம். தெருவில் நடக்க முடியவில்லை.

குருவிகுளம் அய்யாத்துரை மாமா மாட்டுவண்டியில் எரிந்துபோன மோட்டாரை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. கடை பூட்டியிருந்ததால் வீடு தேடி வந்திருக்கிறார். மழை இல்லை, மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டதாம். வேறு கடைக்குப் போகவில்லையா என்றேன்.

"காயில் கட்டுத ஆளு நீதான தாயி. வேற எங்கன போவேன்?"

மோட்டாரை முற்றத்தில் இறக்கி வைத்துப் போனார். கம்பி, வார்னிஷ், கைமிஷின் எல்லாம் கடைக்குள். கைமிஷினையும் அவர் சாவதற்குச் சில நாள் முன்புதான் அங்கே தூக்கிப் போயிருந்தார். மாடசாமி வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். உள்ளே இருமல் சத்தம்.

24, ஞாயிறு

படத்திறப்பு. நல்ல கூட்டம். மைக் செட், ரோஜா மாலை, சோடா.

சங்கத் தலைவர் அரைமணி பேசினார். சுடலைமுத்துவைப்போல் மனைவியைத் தாங்கிய உத்தமன் உண்டா என்றார். குடத்தோடு போனவரைத் தெருமுனையில் நிறுத்தி, 'ஏலே, இன்னைக்கு சேலை துவைச்சாச்சா' என்று கேட்ட அதே வாய். பக்கத்தில் நின்று சிரித்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். செத்தால்தான் மனுஷன் நல்லவன் இந்த ஊரில்.

கடைசியில் தலைவர், கடையைத் தம்பி மாடசாமி பொறுப்பில் நல்லபடியாக நடத்துவார்கள் என்றார். கைதட்டு.

எழுந்தேன். மைக் வேண்டாம் என்றேன்.

"படத்தை நீங்க வச்சுக்கோங்க. எனக்குக் கடைச் சாவி வேணும்."

தலைவர், நாளைக்குப் பேசிக்கிடுவோம்மா என்றார். மாடசாமி தலையைக் குனிந்துகொண்டான். உத்தமன் பெண்டாட்டிக்காக ஒருத்தன் பேசவில்லை.

சோடா குடிக்காமல் வந்துவிட்டேன்.

25, திங்கள்

யாரும் பேச வரவில்லை. பத்து மணிக்கு அடுத்த தெரு லேத் பட்டறையில் இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு வாங்கிப் போய்க் கடைப் பூட்டை நானே அறுத்தேன். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். விரலில் வெட்டு, துணி சுற்றினேன்.

பாதியில் மாடசாமி ஓடி வந்தான். மைனி, மானம் போகுது, சாவியைத் தாரேன் என்றான்.

"இனி எதுக்கு? பூட்டே இல்லை."

திறந்ததும் வார்னிஷ் வாடை. அவர் சட்டை ஆணியில். அதை எடுக்கவில்லை. கைமிஷினுக்கு எண்ணெய் போட்டேன். மோட்டாரைக் கொண்டுவர வைத்து, கருகிய கம்பியை வெட்டி எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

27, புதன்

காயில் இறக்கியாயிற்று. இரண்டு இடத்தில் பேப்பர் கிழிந்து மறுபடி வைத்தேன். கேட்க ஆள் இல்லை. வார்னிஷ் ஊற்றி, குண்டு பல்பு எரியவிட்டு உலர்த்தல்.

மண்ணெண்ணெய் கிடைத்தது.

29, வெள்ளி

குருவிகுளம் போனேன். மாமா கிணற்றில் மோட்டாரை மாட்டினோம். சுவிட்ச் போட்டதும் ஓடியது. கலங்கலாக வந்து, பிறகு தெளிந்த தண்ணீர். வாய்க்காலில் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான்.

மாமா மோர் கொடுத்தார். குடிக்கும்போது மெல்லச் சொன்னார்.

"சித்திரையில உன் வீட்டுக்காரக இந்தக் கிணத்துல மோட்டார் பாத்துட்டு ஏறி வரும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக. வேர்த்துக் கொட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போவம்னேன். கேக்கலை. 'வீட்டுல சொல்லிராதீரும் மாமா, அவ தாங்கமாட்டா'ன்னாக."

சித்திரை. செத்தது ஆடியில். நடுவில் எத்தனை நாள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார், எத்தனை மோட்டார் தூக்கினார்.

மோரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மாமா என்னவோ சொன்னார், காதில் ஏறவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வழி முழுவதும் அவரைத் திட்டினேன். தலைவரை இல்லை, மாடசாமியை இல்லை. அவரை. பூட்டை அறுத்தவள் நான். ஊர் நடுவில் எழுந்து நின்றவள். தாங்கமாட்டேன் என்று உமக்கு யார் சொன்னது?